கிழியாத காகிதம்

எண்பதுகளில், ஏற்காட்டில் பழைய காபித் தோட்டத் துரை ஒருவரின் பங்களாவைச் சிறிய அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தது போக மிச்ச நேரத்தில் அங்கே சம்பளமில்லாத வேலைக்குப் போவேன். வீட்டில் சும்மா உட்கார முடியாத ஜென்மம் நான். அந்த வருஷம், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் பின்பக்கம் தோண்டிப் பார்க்கலாம் என்றார். அங்கே பழைய சமையல்கட்டின் கருங்கல் சுவர் ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. அதன் அடியில் தரையும் அடுப்பும் புதைந்திருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

சுவரின் மறுபக்கத்தில், அதன்மேலேயே சாய்த்துக் கட்டிய ஓட்டு அறையில், பங்களாவைப் பெருக்கித் துடைக்கும் அக்கா குடியிருந்தார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

முதல் வாரமே நீலக் கண்ணாடி பாட்டில் ஒன்று முழுசாகக் கிடைத்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. இடுப்பளவு குழி நெஞ்சளவு ஆயிற்று. அப்போது அக்காவின் கதவை ஒட்டி, சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தேன். தலைமயிர் கனம்தான்.

"குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டி வைங்க டீச்சர். சுவர் நகர்ந்தா அது கிழியும். கிழிஞ்சா அன்னைக்கே வேலையை நிறுத்திட்டு அக்கா வீட்டுக்காரங்களை வெளியேத்திடணும்" என்றார் சர்வேயர். தேதி எழுதி ஒட்டச் சொன்னார். யார் அதைத் தொடப்போகிறார்கள் என்று நான் எழுதவில்லை. விடைத்தாளில் ஒரு துண்டைக் கத்தரித்துக் கோந்தால் ஒட்டினேன். மிச்சத் தாள்களைப் பங்களா அலமாரியில் வைத்தேன்.

அக்கா அப்போது பங்களாவுக்குள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி இருக்கும் இடத்தில் எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன். சொன்னால் தோண்டுவது நின்றுவிடும் என்பதுதான் உண்மையான காரணம்.

தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று பார்த்து, நோட்டில் 'கிழியவில்லை' என்று எழுதுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றது. சர்வேயர் ஒரு விசேஷத்துக்காகச் சேலத்துக்கு இறங்கிப் போய்விட்டார். வாளியால் இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அக்கா கதவின் அடியைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். "மழைக்குக் கதவு ஊதிக்கிச்சுங்க, சாத்த முடியல" என்றார். மறுநாள், "கொழந்தையோட தூளியில மண்ணா கொட்டுதுங்க டீச்சர். எலி ஓடுது போல" என்றார். திரும்பிப் பார்த்தேன். காகிதம் வெள்ளையாக, முழுசாக இருந்தது.

"எலிதான்க்கா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிரே நிற்பது தெரியவில்லை. காகிதத்தை அருகில் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நான் ஒட்டியது கோந்தால். விரலால் தொட்டேன், பசை ஈரம். மெதுவாக உரித்தேன். அடியில் இன்னொரு காகிதம், நடுவில் கிழிந்திருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று, அதுவும் கிழிந்தது. நான்காவதாகத்தான் என் கோந்துக் காகிதம் வந்தது. விரிசலில் இப்போது என் விரல் நுழைந்தது.

"யாருக்கா இதை ஒட்டினது?" என்று கதவருகே நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"நானுங்க. அது கிழிஞ்சு கிழிஞ்சு போவுது. நீங்க தினமும் வந்து பாக்கறீங்களே, கிழிஞ்சு கெடந்தா சங்கடப்படுவீங்கன்னு அலமாரித் தாளை எடுத்து ஒட்டுனனுங்க."

"உடனே வெளியே வாங்க. சுவர் விழப்போகுது" என்று கத்தினேன்.

"இந்த ஈரத்துல பச்சை ஒடம்புக்காரிய எப்படிங்க..." என்று அவர் தயங்கினார். நான் உள்ளே பாய்ந்து தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாயும் மகளும் அலறிக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். பங்களா வராந்தாவை எட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நெல் மூட்டை சரிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். போய்ப் பார்த்தபோது, தூளி தொங்கிய இடத்தில் கருங்கற்கள் குவிந்து கிடந்தன.

அந்தக் காகிதம் எதற்கென்று அன்றுதான் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தினமும் எங்க வாசல்ல நின்னு காகிதத்தைப் பாத்துட்டுப் போனீங்களே டீச்சர். கதவு தொறந்துதானுங்க இருந்துச்சு. உள்ளார நாங்க இருந்தமுங்களே."

உரித்த காகிதங்கள் இன்னும் என் கைக்குள்தான் கசங்கிக் கிடந்தன.