அவருடைய பெயரில் திறந்த கணினி

ஹட்டன் பக்கத்தில் ஒரு நீர்மின் நிலையம். யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரங்களில் அதன் கட்டுப்பாட்டறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். நான் நீட்டும் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வாசலில் நிற்கும் சிப்பாய் ஒவ்வொரு காலையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அணைக்கதவுகளைக் கணினி இயக்கத் தொடங்கியபின் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. வெளியார் எவரும் உள்ளே நுழைந்துவிடாதபடி, அவரவர் பெயரில், அவரவர் கடவுச்சொல்லோடுதான் கணினியைத் திறக்க வேண்டும். தொலைபேசி வழியாக வெளியே இணைக்கவே கூடாது. அதைச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

ஆனால் என் பெயரில் திறக்க எனக்குப் பயம். ஏதாவது பிழை நடந்தால் யாழ்ப்பாணப் பெயரில்தான் முதலில் கண் விழும். அதனால் என் கீழ் வேலை செய்த ஒப்பரேட்டரின் பெயரில் திறக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து வேலைக்கு வந்தவர்.

"உம்மட பேரிலை எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"அப்ப எங்க பேர்ல வேலையும் நீங்களே பாருங்க சேர். நான் வூட்ல தூங்குறேன்" என்று சிரித்தார். கடவுச்சொல்லைச் சொன்னார். அவருடைய மகளின் பெயர்.

என் மகன் கனடாவில் இருந்தான். மருமகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்தது. "என்னங்க சேர், தாத்தா ஆயிட்டீங்களா?" என்று ஒப்பரேட்டர் காலையில் கேட்பார். மகன் மின்னஞ்சலில்தான் எழுதுவான். அதைப் பார்க்க ஹட்டன் டவுனுக்குப் போனால் வழியில் சோதனைச் சாவடிகள். தோட்டத்து மாரியம்மன் தேருக்கு ஒப்பரேட்டர் லீவில் போயிருந்த நாளில், மேசைத் தொலைபேசியின் வயரைக் கழற்றிக் கணினியில் செருகினேன். அவருடைய பெயரில். பேத்தி பிறந்திருந்தாள். வாசித்துவிட்டு வயரைப் பழையபடி மாட்டினேன்.

சில வாரங்களில் கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அந்த நாளில் அவருடைய பெயரில் கணினி வெளியே இணைந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் முன்னால்தான் அவரை விசாரித்தார்கள்.

"நான் அன்னைக்கு தேர் வடம் புடிச்சுக்கிட்டு நின்னேனுங்க. தோட்டமே பார்த்திச்சு" என்று முதலில் தமிழில் சொல்லி, பிறகு சிங்களத்தில் சொன்னார்.

அது அவரை இன்னும் மோசமாக மாட்டிவிட்டது. அப்படியானால் கடவுச்சொல்லை எந்த வெளியாளிடம் கொடுத்தாய் என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. மலையகப் பெயர் பாதுகாப்பானது என்று நான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு இரண்டும் தமிழ்ப் பெயர்தான்.

ஒரு அதிகாரி என்னிடம் திரும்பினார். இவருடைய கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரியுமா?

யாழ்ப்பாணத்தான், மின்நிலையக் கணினி, கனடா. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அறைக்கு ஒரே கதவு. அதை மறைத்துக்கொண்டு சிப்பாய் நின்றார்.

"தெரியாது" என்றேன்.

அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமல் விட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அலுமாரிச் சாவியை ஒப்படைக்க என் குவாட்டர்ஸுக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"உள்ளுக்கு வாரும்."

"இல்லீங்க, பஸ் போயிரும்." சாவியை என் கையில் வைத்தார். "பேரனா, பேத்தியாங்க?"

"பேத்தி."

"நல்லா இருக்கட்டும். நம்ம பேர்ல வந்த புள்ள" என்றார். சிரிக்கவில்லை.

அதன்பிறகும் நான் வாய் திறக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு கொழும்புக்கு எழுதியிருக்கலாம். ஓய்வூதியம் போய்விடும் என்று பயந்தேன். அவருடைய மனைவி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தத் தோட்டத்து வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை. பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டால் காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அப்பப்பாவுக்கு வயது போய்விட்டது என்று அவள் நினைக்கிறாள்.