மங்கலாக எடுத்த பூநாரைகள்

பூநகரிக் கடலோரத்தில் பூநாரைகளைப் படமெடுக்கப் போயிருந்தேன். பறக்கும் பறவைகளைக் கையாலேயே பின்தொடர வேண்டும் என்பதால், கனமான லென்ஸை விட்டு, நானூறு மில்லிமீட்டர் வரை நீளும் இலேசான டெலி லென்ஸைத் தெரிந்தெடுத்திருந்தேன். கண்ணில் வைத்தபோது ஃபோக்கஸ் பிடிபடவில்லை. தண்ணீர்மேல் இளஞ்சிவப்பாக ஏதோ மிதந்தது.

அந்தக் கணத்தில் நான் மறுபடி எட்டு வயதுச் சிறுமியானேன்.

அப்போது எனக்குத் தூரத்திலுள்ளவை தெளிவாகத் தெரியாதென்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. தூரத்தில் எல்லாம் கரைந்துதான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இதே கரையில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எடி, பூநாரையள் வந்திட்டுதுகள், பார்!"

"அது புகையெல்லோ அக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஈரமணலில் என்னை இருத்தி, "சொண்டு கீழ வளைஞ்சிருக்கு. ஒண்டு தலையைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நடக்குது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்புக்காற்றில் அவள் குரல் வரவர, புகைக்குள் பறவைகள் நடந்தன.

விரைவிலேயே கண்ணாடி வாங்கித் தந்தார்கள். அதன்பிறகு அக்கா எதையும் அப்படி ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை.

இப்போது லென்ஸின் வளையத்தைத் திருப்பினேன். இறகுகள் தெளிந்தன. நிறையப் படங்கள் எடுத்தபின், வளையத்தைப் பின்னுக்குத் திருப்பி, மங்கலாகவே ஒன்று எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தாள்.

"இப்பிடியேடி உனக்குத் தெரிஞ்சது?"

"ஓம் அக்கா."



"வடிவாத்தான் இருந்திருக்கு" என்றாள்.