அமெரிக்காவில் ஷட்டவுன்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் அமெரிக்க பையருக்குப் பதில் எழுதுவதும் முதலாளிக்குப் பதில் சொல்வதும் என் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

குழந்தைகள் டி-ஷர்ட் சாம்பிளை எடுத்துக்கொண்டு முதலாளியே அமெரிக்கா போவதாக இருந்தது. அதற்காகக் கோட்டுகூடத் தைத்தாயிற்று. புறப்பட நாலு நாள் இருக்கும்போது பையரிடமிருந்து மெயில் வந்தது: இங்கே ஷட்டவுன், விமானங்கள் தாமதமாகலாம்.

முதலாளி அசரவே இல்லை. "மாசமொருக்கா வர்றதுதானுங்களே அம்மிணி? சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துருமுங்க. ஏர்போர்ட்ல ஜெனரேட்டர் இல்லாமயா இருக்கும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். இது மின்வாரிய ஷட்டவுன் இல்லை. அங்கே நாடாளுமன்றம் அரசாங்கத்துக்கே பணம் ஒதுக்கவில்லை. டவரில் உட்கார்ந்து விமானத்துக்கு வழி சொல்கிறவர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள். சிலர் ஷிப்ட் முடிந்ததும் வாடகைக் கார் ஓட்டப் போகிறார்களாம்.

அவர் முகம் மாறியது. "எத்தனை சனிக்கிழமையாச்சுங்க?"

எங்கள் ஊரில் சம்பளம் என்றால் சனிக்கிழமை. முன்பு ஒரே ஒரு வாரம் அவர் அதைத் தள்ளிப்போட்டார். திங்கட்கிழமை தைத்த லாட்டில் பாதி, கழுத்து முன்பின் மாறி வந்தது. டெய்லர்களைத் திட்டித் தீர்த்தார். ஆனால் விஷயம் அவருக்குத் தெரியாமலில்லை. வாடகைக்கு என்ன செய்வது என்று தவிக்கிறவர்களுக்குக் கழுத்து எது, கை எது என்று எப்படித் தெரியும்?

"நாலஞ்சு ஆச்சுங்க" என்றேன்.

"எனக்கு முதுகு வலிங்க. உங்களுக்கு விசா இருக்குதுல்லீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் உசுரு என்னங்க சார், பனியன் வேஸ்ட்டா?" என்று கேட்டேவிட்டேன். ஆர்டர் போனால் ஒரு தையல் லைனே நின்றுவிடும், அத்தனை பேருக்கும் வேலையில்லை என்று கெஞ்சினார். அவர்களை நினைத்துப் போய்த் தொலைந்தேன்.

அங்கே இறங்காமல் வானத்திலேயே முக்கால் மணி நேரம் சுற்றினோம். டவரில் ஆள் போதவில்லை என்றார் பைலட். முருகா முருகா என்று நான் முனகியதில் பக்கத்து சீட்டு வெள்ளைக்காரம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தரையைத் தொட்டதும் முதலாளிக்குப் போன் போட்டேன். அதிசயம், அவர் சாம்பிளைப் பற்றிக் கேட்கவில்லை. "டவர்ல இருக்கறாங்களே, அவிய இன்னும் வேலைக்கு வர்றாங்களா? காசில்லாமயேவா? நம்ம ஆளுகன்னா ரெண்டாவது வாரமே நின்னுருப்பாங்க."

"நம்ம ஆளுக நின்னா மிஷின் நிக்குமுங்க சார். அவிய நின்னிருந்தா நான் எங்கீங்க நிக்கிறது?"