நாயனக்காரரின் பல்லோடு ஈப்போவுக்கு

அன்று காரில் நாங்கள் நான்கு பேர்: நாதஸ்வரம் ஊதும் என் வீட்டுக்காரர் வீரப்பன், அவருக்குத் தவில் அடிக்கும் அவர் தம்பி முத்தன், நான், ஈப்போ சிலிபின் பக்கத்து டாக்ஸிக்காரர் அந்தோணி. ஈப்போவில் பார்த்தது ஒரு சீனப் பல் டாக்டரம்மா. பெயர் போட மாட்டேன், நல்ல மனுஷி.

மலேசியாவில், வருஷம் 1998. எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம். என் வீட்டுக்காரருக்கு மேல் ஈறு வீங்கி, ஊதினால் கண்ணில் நீர் வந்தது. திருவிழாவில் ஊத முடியுமா என்று கேட்கத்தான் போனோம்.

பல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்வரிசை முழுக்கக் கொட்டிப்போய், கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருந்தார். ஊதும்போது அது நழுவும். அதனால் அஞ்சு வருஷத்துக்கு முன் இதே டாக்டர் தாடை எலும்பில் திருகுகளைப் பதித்து, பீங்கான் பூசிய உலோகப் பல்வரிசையை அதன்மேல் ஒரே துண்டாக முடுக்கினார். ஈறுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே சின்ன இடைவெளி விட்டிருந்தார். அதில் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

நாயனம் பழையபடி பேசியது. ஆனால் இடைவெளி வழியாகக் காற்று 'உஸ்' என்று கசிந்தது. முத்தனுக்கு அது பொறுக்கவில்லை. ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, கொதிக்கவைத்து, அந்த இடைவெளியில் அழுத்தி அடைத்தான். சத்தம் நின்றது. டாக்டர் பார்த்தால் பிடுங்கி எறிவார் என்று சொல்லி, அண்ணன் ஈப்போ போவதையும் நிறுத்திவிட்டான்.

தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கோப்பெங் சந்தையிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். இருபது கிலோமீட்டர் இருக்கும். முழு காருக்கு எட்டு வெள்ளி. ஈயம் தோண்டிய குட்டைகளைத் தாண்டும்போது அந்தோணி, "அண்ணே, ரேடியோ செத்துப்போச்சு. நீங்களே ஒன்னு எடுத்து விடுங்க லா," என்றார்.

"இரு, பல்லைக் காட்டிட்டு வாரேன். திரும்பும்போது கார் வாடகைக்கு ஊதுறேன்," என்றார் இவர்.

டாக்டர் பல்வரிசையைக் கழற்றி எடுத்தார். பீங்கானில் ஒரு கீறல் இல்லை, நேற்று வைத்ததுபோல் மின்னியது. அடியில்தான் கறுத்த ரப்பர், அழுகல் நாற்றம். எலும்பில் இருந்த திருகுகள் தொட்டாலே ஆடின.

"பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பு கரைந்துவிட்டது. இனி இதில் திருகு நிற்காது," என்றார் மலாய் மொழியில். "இதை அடைத்தது யார்?"

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர். முத்தன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது அந்தோணி ரேடியோ பேச்சையே எடுக்கவில்லை. முத்தன்தான் ஆரம்பித்தான். "கைராசி இல்லாத டாக்டர் லா, அண்ணி. அப்பவே வேற ஆளப் பாத்திருக்கணும்."

"அடைக்கிறதுல நீ கெட்டிக்காரனாச்சே," என்றேன். "மொதல்ல ஒன் வாய அட."

திருவிழாவில் தெலுக் இந்தான் ஊரிலிருந்து வந்த ஆள் ஊதினான், முத்தன் தவில் அடித்தான். என் வீட்டுக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தில் நின்றார்.

இப்படிப் பல் வைத்திருப்பவர்கள், வலி இல்லாவிட்டாலும் சொன்ன மாதத்தில் போய்க் காட்டுங்கள். பல் மின்னுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அந்த இடைவெளி குறை இல்லை, கழுவுவதற்கு விட்ட வழி. காற்று கசிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒட்டுப்பால் வைத்ததைக்கூட நான் மறந்திருப்பேன். நாயனம் நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் செய்தது. ஆனால் செய்ததை அண்ணன் தலையில் போட்டுவிட்டு, இன்றுவரை வாய் திறக்காதவனை மன்னிக்க மாட்டேன். முத்தனை.