நடுத்தொட்டித் தண்ணீர்

சிக்கிமூலா சந்தையில் புளித்த கறுப்புச் சோளக் கஞ்சி விற்பவர்கள் பலர் உண்டு. நிறத்தை வைத்து அந்தக் கஞ்சிக்கு ஊரே வைத்த பெயர் அழுக்குக் கஞ்சி. அதை விற்பவர்களில் ஃப்ளோரிடால்மாவைப் போல் சுத்தம் பார்க்கிறவள் வேறு யாரும் கிடையாது. "அழுக்கு விக்கிற சுத்தக்காரி வந்துட்டா, வழி விடுங்க" என்று சந்தைப் பெண்கள் தினமும் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவள் வீட்டு முற்றத்தில், அந்த ஊர் வீடுகள் எல்லாவற்றிலும் இருப்பது போல, சிமெண்டில் கட்டிய பிலா ஒன்று இருந்தது. நடுவில் ஆழமான தண்ணீர்த் தொட்டி, இரண்டு பக்கமும் சரிவான மேடை. இடது மேடை பாத்திரத்துக்கு, வலது மேடை துணிக்கு. நடுத்தொட்டிக்குள் யாரும் கை விடக் கூடாது. கிண்ணத்தால் மொண்டு மேடையில் ஊற்றித்தான் எதையும் கழுவ வேண்டும். சமைப்பதும் கஞ்சி காய்ச்சுவதும் அந்தத் தண்ணீரில்தான். நகராட்சிக் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியலில் மட்டும் வரும், அதற்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இந்த விதியைப் பழக்கமாக வைத்திருந்தார்கள். ஃப்ளோரி விரதம் போல வைத்திருந்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் அவளுடைய தம்பி ஒப்தூலியோ, கடற்கரைப் பக்கத்து மாசாத்தெனாங்கோவிலிருந்து இல்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். நாத்தனாரும் அவளும் ஓர் அடுப்பில் சமைத்தார்கள். குழந்தை பிறக்கும் வரை பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ரூடி பிறந்தான். கடையில் வாங்குகிற டயபர் எத்தனை நாளைக்குக் கட்டுபடியாகும்? நடக்கத் தொடங்கியதும் அவனுக்குத் துணிக் கால்சட்டைதான். வீட்டுக்குள் சனி நுழைந்தது அந்தக் கால்சட்டை வழியாகத்தான்.

இல்மா ஆயிக் கால்சட்டையை வலது மேடையில் போட்டு, நாலு கிண்ணம் தண்ணீரை மேலிருந்து ஊற்றி அலசுவாள். இரண்டு துளி நடுத்தொட்டிக்குள் தெறித்தால் தெறிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். ஆறு ஓடுகிற ஊரில் பிறந்தவள். ஃப்ளோரியோ தனி வாளியில் தண்ணீர் மொண்டு, முற்றத்தின் கடைசிக்கு எடுத்துப் போய், பன்றிக் கொழுப்பில் செய்த கறுப்பு சோப்புப் போட்டு அலசி, அழுக்குத் தண்ணீரை எலுமிச்சை மரத்தடியில் கொட்டி, துணியை உச்சி வெயிலில் காயப்போடுவாள். அதுவரை சரிதான், அந்த முறையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கால்சட்டையைக் கையால் தொட மாட்டாள். ஒரு குச்சியில் மாட்டி, கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஐயே! ஐயே!" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நடப்பாள். ரூடி பின்னாலேயே, வெற்றுத் தொடைகளோடு, அதைப் பார்த்துக்கொண்டே போவான்.

"அண்ணி, அது என்ன பாம்பா? குச்சியில தூக்கிட்டுப் போறீங்க?"

"பாம்புன்னா ஒருத்தரைத்தான் கடிக்கும். இது வீட்டையே கடிக்கும். நீ மேடையில அலசுற தண்ணி எங்க போகுதுன்னு பாத்தியா? அதுலதான் நாளைக்குக் காப்பி."

"எங்க ஊர்ல எல்லாம் இப்படித்தான் அலசுவோம். எல்லாரும் செத்தா போயிட்டோம்?"

ஃப்ளோரி நேரே போய்த் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிடுவாள். இரண்டு நாள் தண்ணீர் மொத்தமும் சாக்கடையில் ஓடும். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்று, ஏன் தண்ணீர் இல்லை என்பதையும் விளக்கமாகச் சொல்லித்தான் கேட்பாள். இல்மாவுக்கு அதுதான் தாங்காது. ஒப்தூலியோ தலைநகரப் பேருந்தில் கண்டக்டர். நாள் முழுக்க ஊர்ப் பேர்களைத் தொண்டை கிழியக் கத்துகிறவன், வீட்டுக்குள் நுழைந்தால் ஊமை. பிடிபட்ட திருடன் மாதிரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போய்விடுவான்.

"எல்லாரும் செத்தா போயிட்டோம்?" என்று இல்மா கேட்டது தெரியாமல் கேட்டது. ஃப்ளோரிக்கு ஒரு மகள் இருந்தாள். நெலி என்று பெயர். காலரா வந்த வருடம், நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, ஒரு பகலுக்குள் துவண்டு போனாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். மூக்கைத் துணியால் மூடியிருந்த ஒரு நர்ஸ், பிள்ளையின் கண்களை மூடிவிட்டு, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "கையைக் கழுவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாதா, அம்மா?" என்றாள். புருஷன் வீட்டார் அதற்குப் பிறகு வேறு பேச்சே பேசவில்லை. சில மாதங்களில் ஃப்ளோரி தன் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கை அன்றைக்கு அழுக்காக இருந்ததா, தண்ணீரே அழுக்காக இருந்ததா, யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது. தெரியாததால்தான் இத்தனை வருடமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இதை அவள் இல்மாவிடம் சொன்னதில்லை. ஒப்தூலியோ அப்போது சின்னப் பையன், அவனும் சொல்லவில்லை.

ரூடி என்றால் அவளுக்கு உயிர். சந்தை முடிந்து அவள் திரும்பியதும் இல்மா செருப்புக் கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு மாலை வரை அத்தையும் மருமகனும்தான். பீன்ஸை மசித்து ஊட்டுவாள். தூங்குகிறவன் நெற்றியில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று எஸ்கிப்புலாஸ் தேவாலயத்துக் கறுப்பு ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு ஒவ்வொரு சனவரியும் போய் வந்தாள். இப்படிப்பட்டவளிடம் போய், உன் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை நடுங்குகிறான் என்று சொன்னால் நம்புவாளா?

மழைக்காலம் தொடங்கியபோது ரூடி ஆயி போவதை நிறுத்தினான். முதலில் யாரும் கவனிக்கவில்லை. கால்சட்டை சுத்தமாக இருக்கிறதே என்று ஃப்ளோரி சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அவன் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாள். வயிறு பலகை மாதிரி ஆனது. சோறு இறங்கவில்லை.

"உன் அரைகுறைக் கழுவல்ல வந்த வியாதி இது" என்றாள் ஃப்ளோரி.

"உங்க கறுப்பு சோப்புல வெந்து போய்த்தான் பயப்படுறான்" என்றாள் இல்மா.

ஆளுக்கு ஒரு பக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண், பொறுமைசாலி. வயிற்றை அழுத்திப் பார்த்தாள். சோப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்ன புகார்களைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வியாதி ஒண்ணும் இல்ல. அடக்கிக்கிறான். பப்பாளி குடுங்க, மருந்து தர்றேன்" என்றாள். பிறகு ரூடியின் முன் குனிந்து, "ஏன் ராஜா, ஆயி போனா யாரு கோச்சுக்குவாங்க?" என்று கேட்டாள்.

ரூடி திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தன் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டான்.

ஃப்ளோரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இல்மா, எத்தனையோ நாளாக ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தவள், ஜெயித்த முகத்தோடு இல்லை. அழுதாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்குப் போறேன், அண்ணி. இவனையும் கூட்டிட்டுத்தான். திரும்பி வர்றதைப் பத்தி அவர்கிட்டப் பேசிக்கிறேன்."

"நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன், இல்மா."

"நீங்க சொல்ல வேண்டாம். உங்க மூஞ்சியே சொல்லுது."

வாயை அடக்கலாம், முகத்தை எப்படி அடக்குவது? அடுத்து வந்த நாட்களில் ஃப்ளோரி முயன்று பார்த்தாள். குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டாள். "ஆயி வந்தா அத்தைகிட்ட சொல்லு தங்கம், அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள். அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்து போனான். மருந்து வேலை செய்தது, ஆனால் அம்மா வீட்டில் இருக்கும்போது மட்டும். பகலில் அத்தையோடு இருக்கும் நேரம் முழுக்க அடக்கினான். இல்மா பெரிய பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். பெற்றதை ஒரு முறை பறிகொடுத்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் திராணி இல்லை. சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மறுநாள் கஞ்சிக்குச் சோளம் புடைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரி, முற்றத்தில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

ரூடி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, பிலாவில் கவிழ்ந்து நின்றான். இடுப்புக்குக் கீழே துணி ஒன்றும் இல்லை. தொடை வழியாக ஒழுகியிருந்தது. இரண்டு கைகளும் தோள் வரை நடுத்தொட்டிக்குள். அவன் நீல நிறக் கால்சட்டையைத் தண்ணீருக்குள் முக்கி முக்கி, சத்தம் வராமல் அழுதுகொண்டே கசக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அடக்க முடியாமல் போய்விட்டது. அத்தை பார்ப்பதற்குள் கழுவிவிட வேண்டும் என்று மூன்று வயது நிரம்பாத பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தான்.

காலடிச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்படியே உறைந்து நின்றான்.

ஃப்ளோரியின் வயிற்றிலிருந்து அந்த "ஐயே" கிளம்பி வந்தது. வீடு முழுக்கக் குடிக்கிற தண்ணீர், கஞ்சித் தண்ணீர், நெலியைக் கொண்டுபோன மாதிரியான தண்ணீர். தொண்டைக்குள் வந்துவிட்டதை அவள் எப்படி விழுங்கினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆண்டவரை நினைக்கக்கூட நேரம் இல்லை. நாலு எட்டில் பிலாவை அடைந்து, ரவிக்கைக் கையோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளையும் நடுத்தொட்டிக்குள் விட்டாள்.

தண்ணீருக்கு அடியில் அவன் விரல்களும் துணியும் வழவழப்பும் ஒன்றாக அவள் கையில் சிக்கின. அவள் உதறவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படித் தேய்க்கணும்டா கண்ணு," என்றாள். "துணியை ரெண்டா மடிச்சு... ஆங், அப்படித்தான். என்னைவிட நல்லாத் தேய்க்கிறியே!"

அவன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. இரண்டு பேரும் அந்தத் தண்ணீரிலேயே கால்சட்டையைக் கடைசிவரை கசக்கிப் பிழிந்தார்கள். பிறகு அடைப்பானைப் பிடுங்கி, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கி வந்து, உரசி, சோப்பும் குளோரினும் போட்டுத் தொட்டியைக் கழுவினாள். அவனையும் கழுவிவிட்டாள், வெறுங்கையால்.

சாயங்காலம் இல்மா வந்தபோது தொட்டி ஒரு சொட்டும் இல்லாமல் காய்ந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் வர நாளை மறுநாள் ஆகும். கைப்பையைக்கூட இறக்காமல் பிலாவுக்கு எதிரிலேயே நின்றாள்.

"இப்ப நான் என்ன தப்புப் பண்ணேன், அண்ணி? காலையில கிளம்புறப்ப நான் எதையும் அலசக்கூட இல்லையே?"

ரூடி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான். அவன் கால்சட்டையை அலசுறப்ப கை தவறி உள்ள விட்டுட்டேன். தண்ணி கெட்டுப் போச்சு."

"நீங்களா?"

"நான்தான். என் கைதான். பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான் சொல்லித் தண்ணி கேட்டேன், வேணும்னா போய் விசாரி."

இல்மா நாத்தனாரின் நனைந்த ரவிக்கையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் சட்டையும் தோள் வரை நனைந்திருந்தது. பையை வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, "பத்தாது, இன்னொரு வாளி நான் வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனாள்.

ஆனாலும் பயணம் நிற்கவில்லை. பிறந்த வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. ஞாயிறு காலை பைகள் வாசலில் இருந்தன. ஒப்தூலியோ அவற்றை இரண்டாவது தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஃப்ளோரி வழிக்குச் சோள ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. ரூடி அதைப் பார்த்துவிடக் கூடாது.

ரூடி அம்மாவின் கையிலிருந்து நழுவி ஓடி வந்து அவள் பாவாடையை முழுக் கையாலும் பிடித்தான்.

"அத்தே. ஆயி வருது."

"வாடா, அம்மா கூட்டிட்டுப் போறேன்" என்று இல்மா வேகமாகக் கிட்டே வந்தாள்.

"நீ வேணாம். அத்தை."

ரொட்டித் துணி ஃப்ளோரியின் கையிலிருந்து மேசையில் விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நடந்தாள், அவன் எட்டுக்குத் தக்கபடி மெதுவாக. வாசலில் ஆட்டோக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

"அடிக்காத," என்றாள் இல்மா அவனிடம். "அவங்க வர நேரமாகும். நீ வேற சவாரி பாத்துக்க."