கண்டியில் ஆளில்லாத நான்கு கடைகள்

என் கையெழுத்து கோணலானது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலஹாவில் கல்யாணப் படம் பிடிப்பது என் தொழில். கண்டி முதலாளி ஒருவர், விற்கப்போகும் தம் நான்கு பழைய கடைகளைப் படமெடுக்கக் கூப்பிட்டிருந்தார். வாங்குபவர் அவற்றை இடித்து மூன்று மாடி கட்டுவாராம். "ஆளில்லாத கட்டிடம்னு தெரியணும்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

காலை ஆறரைக்கு பஸ். கட்டணம் முப்பது சதம். என் கமராவின் முக்காலியைப் பார்த்த டிரைவர், "அண்ணே, உங்களுக்கு ரெண்டு, இதுக்கு மூணு. அஞ்சு காலுக்கு டிக்கெட் எடுங்க!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் படம் பதிகிற கண்ணாடித் தட்டுகள் உடையாமல் பெட்டியைத் தம் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

எட்டரைக்குக் கண்டி. நல்ல மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வாழும் லயங்களில் ஓர் அறைகூட இரண்டு நாள் காலியாகக் கிடந்ததில்லை. இங்கே நான்கு கடைகள் பூட்டிக் கிடந்தன. மூன்றை எடுத்து முடித்தேன். நான்காவதின் பக்கக் கதவிலிருந்து புகை வந்தது. உள்ளே ஒரு முஸ்லிம் அம்மா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். மழை வலுத்ததும் தம் பாயைக் கொண்டுவந்து கமராவுக்கு மேல் பிடித்தார். எனக்கு இரண்டு அப்பமும் தந்தார்.

"இந்தப் படத்துல நான் விழுவேனா, தம்பி?"

அந்த மழை இருட்டில் கமராவின் மூடியைத் திறந்து பத்து எண்ண வேண்டும். நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் முதலாளி கேட்ட படம் கிடைத்துவிடும். கையில் அப்பம் சூடாக இருந்தது.

"அசையாம நின்னாத்தான் விழுவீங்க, உம்மா."

"அப்ப நிக்கிறேன். இல்லாட்டி ஆளே இல்லண்டு இடிச்சிருவாங்க. மாப்புள மௌத்தாகி, எனக்குப் போக வேற ஊடில்ல." புருஷனை இழந்த அந்த அம்மா கதவடியில் வந்து நின்றார். "வாயையும் மூடணுமா?"

"ஆமாங்க."

"மாப்புள உசிரோட ஈக்கும்போதுகூட இவ்வளவு நேரம் மூடினதில்ல!"

நான் எண்ணி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.

மறு வாரம் படங்களைக் கொடுத்தேன். நான்காவதைப் பார்த்த முதலாளி, "ஆளில்லாமத்தானே கேட்டேன்? இது யாரு?" என்றார்.

பெரிய மனிதர்கள் முன் எனக்குப் பேச்சு வராது. அன்று எப்படியோ வந்தது. "குடியிருக்கிறவங்க, ஐயா. போக வேற இடமில்லையாம்."

அவர் படத்தை மேசைமேல் வைத்தார். "முன்பக்கம் பூட்டினதும் எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார். பக்கத்து ஊரான கட்டுகஸ்தோட்டையில் தமக்கிருந்த ஓர் அறையை அந்த அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்த பிறகே இடிக்க விட்டார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

நேற்றுக் கண்டிக்குப் போனேன். புதுக் கட்டிடம் இரண்டாம் மாடிக்கு எழும்பிவிட்டது, அழகாகத்தான் இருக்கிறது. அப்படியே கட்டுகஸ்தோட்டைக்கும் போய், உம்மாவிடம் அவர் படத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நான் இவ்வளவு கறுப்பா?" என்று சண்டை பிடித்தார். பிறகு அதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

1934, ஆவணி 12.