அச்சைத் தூக்கிய நாள்

பாண்டீஸ்வரி மலைச்சரிவுக் குடியிருப்பில் பிறந்தவள். கூடப் பிறந்தவர்கள் கடுக்காய் பொறுக்கவும் தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக்கும் போக, அவள் மட்டும் பழனிக்கு இறங்கி ஞானவேல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பஞ்சாமிர்த டப்பா அடிக்கிற மெஷின். மேலே கொட்டும் பிளாஸ்டிக் குருணை சூட்டுக் குழாய்க்குள் உருகிக் கூழாகும். உள்ளே சுற்றும் திருகுத்தண்டு அந்தக் கூழை, இறுக மூடிய இரும்பு அச்சுக்குள் பீச்சும். அச்சுக்குள் ஓடும் தண்ணீர் அதை ஆறவைக்கும். பிறகு அச்சு இரண்டாகப் பிரிந்து டப்பா கீழே விழும். விழாமல் ஒட்டிக்கொண்டால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதற்காக முன்னால் ஒரு கதவு உண்டு. திறந்தால் அதிலுள்ள சுவிட்ச் மெஷினை நிறுத்திவிடும். தைப்பூச நெருக்கடியில், கதவைத் திறந்து மூடினால் நேரம் போகிறதென்று ஞானவேல், திறந்திருந்தாலும் ஓடும்படி அந்த சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டார். ஒட்டிய டப்பாவை எடுக்கப் போனவளின் வலதுகையில் இரண்டு விரல்கள் அச்சுக்குள் நசுங்கிப் போயின.

வேலையில் தூங்கி வழிந்துவிட்டாள் என்று அவர் டாக்டரிடம் சொன்னதைப் படுக்கையிலிருந்தே கேட்டாள். கட்டுப் பிரித்துப் பட்டறைக்குப் போனபோது கம்பியைக் காணோம். அப்படி ஒன்று இருந்ததேயில்லை என்றார்கள். கேஸ் போடலாமென்றால் சாட்சிக்கு ஆளில்லை. அன்றோடு அவள் மனசில் அவர், அவன் ஆனான்.

ஆயக்குடியில் கோகுல் என்பவனின் சின்னப் பட்டறையில் சேர்ந்து இடதுகையால் வேலை பழகினாள். அங்கேதான் ஒன்று தெரிந்தது. அச்சு பட்டறைக்காரனுடையதல்ல, டப்பா வாங்குகிறவர்களுடையது. ஞானவேல் மெஷினில் மாட்டியிருந்தது அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடை விசாலாட்சி செய்து கொடுத்த அச்சு. அது போனால் அவன் மெஷின் வெறும் இரும்பு.

அந்தக் கடை டப்பாவை வாங்கிப் பார்த்தாள். மூடி கோணியிருந்தது. பஞ்சாமிர்தம் ஒழுகிப் பை நனைந்து சண்டைக்கு வரும் பக்தர்கள் பெருகட்டுமென்று பொறுத்திருந்தாள். பெருகியதும் கடையேறினாள்.

"அச்சு நல்ல அச்சுதாங்க அக்கா. ஆறவிடாம வெரசா திறக்குறான், அதான் கோணுது. எங்க பட்டறையில ஒருநா மாட்டிப் பாருங்க."

விசாலாட்சி அவள் கையைப் பார்த்தாள். "இது அங்க போனதா?"

"ஆமாக்கா. அதுக்காகவுந்தான் வந்தேன்."

அச்சை எடுக்க விசாலாட்சி அனுப்பிய டெம்போவில் பாண்டீஸ்வரியும் வந்து இறங்கினாள். சங்கிலியில் தொங்கி அச்சு மெஷினைவிட்டு வெளியே வந்தபோது ஞானவேலின் முகம் வெளுத்தது.

"சோறு போட்ட எடத்துக்கே இப்படிப் பண்ணுறியே" என்றான்.

"இன்னைக்கு நான் தூங்கலைங்க" என்றாள் அவள்.

ஆயக்குடியில் ஆறவிட்டு எடுத்த மூடி கிண்ணென்று பொருந்தியது. விசாலாட்சி அச்சை அங்கேயே விட்டுவிட்டாள். ஞானவேல் அவள் கடைவாசலில் நின்று கெஞ்சிவிட்டுத் திரும்பியதாகச் செய்தி வந்தது. கேட்டபோது பாண்டீஸ்வரிக்கு நாக்கில் சர்க்கரை வைத்தாற்போலிருந்தது. ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

இனி விட்டுவிடச் சொன்னான் கோகுல்.

"பாட்டில் மூடி அச்சு ஒண்ணு இன்னும் அங்கதான் கெடக்கு. யாரோடதுன்னு விசாரிச்சாச்சு" என்றாள்.